மூன்று வேளைக் குளிசை

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கத் தொடங்கி எனக்குப் பதினாறு வருடம். மனித முளையம் கருப்பையில் எப்படி ஒட்டுகிறது என்ற பாடத்தை வருடத்துக்கு ஒரு தடவை என்று வைத்தாலும் பதினாறு தடவை சொல்லியிருப்பேன். அப்படிப்பட்ட நான் பார்த்த விசர் வேலையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். எனக்கு ஒருத்தரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். ஆறுதல் சொல்கிற ஆட்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வீடு மருதனார்மடம் சந்தியிலிருந்து பத்து நிமிட நடை. வீட்டில் நானும் மாமியும் மட்டும். மாமி என்றால் என் கணவர் சிவரூபனின் தாய், பத்மாசினி. சிவரூபன் சரக்குக் கப்பலில் பொறியியலாளர். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். கப்பல் கரைக்குக் கிட்ட வந்தால்தான் போனில் ஆளைப் பிடிக்கலாம். நடுக்கடலுக்குப் போய்விட்டால் நான் அனுப்புகிற செய்தி போய்ச் சேராமல் அப்படியே கிடக்கும். கலியாணமாகி ஒன்பது வருடம். பிள்ளை இல்லை.

கொழும்பில் ஒரு தனியார் நிலையத்தில் எங்களுடைய முளையங்கள் மூன்றை உறைய வைத்திருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னர் முதலாவதை எனக்குள் வைத்தார்கள். ஒட்டவில்லை. மாமி சந்தோசம் தாங்காமல் அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். சரிவரவில்லை என்று தெரிந்ததும் சனம் செத்த வீட்டுக்கு வருவதுபோல வந்து, விறாந்தையில் இருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனது. ஒரு மனுசி என் தலையைத் தடவி, "உனக்கு எழுதினது அவ்வளவுதான் பிள்ளை" என்றாள். அவள் குடித்த கோப்பையை நான் மூன்று தரம் கழுவினேன். போன வருடம் இரண்டாவதை வைத்தபோது மாமிக்கு மூச்சுக்கூட விடவில்லை. அதுவும் ஒட்டவில்லை. குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வெளியே வந்து இரவுக்குப் புட்டவித்தேன்.

மிச்சம் இருந்தது ஒன்று.

"இதுதான் கடைசி கௌரி. இதோடை விடுவம்" என்றார் சிவரூபன் போனில். "உனக்கும் நாற்பதாகுது. இனியும் ஊசி, மருந்து, கொழும்பு எண்டு நீ தனிய அலையிறது எனக்குப் பாக்கேலாது."

நல்ல மனுசன்தான். என்றாலும் அந்த 'விடுவம்' என்ற சொல்லோடு நான் போனை வைத்துவிட்டேன்.

ஐப்பசியில் கருத்தரங்கு ஒன்றிருக்கிறது என்று மாமிக்குப் பொய் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தார்கள். வைப்பதற்கு முன்னர் டொக்டர் அதைத் திரையில் பெருப்பித்துக் காட்டினார். ஐந்து நாள் வளர்ந்த முளையம். நூற்றுச் சொச்சம் உயிர்க்கலங்கள், நடுவில் கொஞ்சம் நீர். ஒரு பக்கத்தில் முட்டையோடு மாதிரியான கோது வெடித்து, அந்த வெடிப்பால் வெளியே வர எத்தனித்துக்கொண்டிருந்தது. என் புத்தகத்தில் உள்ள படத்தைவிட வடிவாக இருந்தது. உள்ளே வைத்த பிறகு இன்னொரு திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் தெரிந்தது. பக்கத்துக் கட்டில்களில் இருந்த பெண்களுக்கெல்லாம் கையைப் பிடிக்க யாரோ ஒருத்தர் நின்றார்கள். என் கைப்பையை நானே பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

வித்தியா என்று ஒரு தாதி, வவுனியாப் பிள்ளை, மருந்துகளைத் தந்து விளக்கம் சொன்னாள்.

"அக்கா, இந்தக் குளிசை காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. விழுங்கிறேல்லை, கீழாலை உள்ளுக்கு வைக்கவேணும். இந்த முறை உங்கடை உடம்பு தானா இந்த ஓமோனைச் சுரக்காது. குளிசைதான் கருப்பையைப் பிடிச்சு வைச்சிருக்கும். ஒரு வேளையும் தவறக்கூடாது. யாழ்ப்பாண வெக்கைக்கு உருகிப்போகும், பிரிட்ஜுக்குள்ளை வையுங்கோ. இடையிலை இரத்தம் பட்டாலும் மருந்தை நிப்பாட்டக் கூடாது. பத்தாம் நாள் இரத்தம் சோதிச்சுப்போட்டு எனக்குப் போன் எடுங்கோ."

எனக்குத் தெரியாததா என்ற மாதிரித் தலையாட்டினேன். நான் டீச்சர் அல்லவா.

திங்கட்கிழமை ரயிலில் வந்து இறங்கினேன். குளிசைகளை மாஜரின் டின் ஒன்றுக்குள் போட்டு, குசினியில் இருக்கிற பிரிட்ஜின் அடித்தட்டில், தோடம்பழங்களுக்குப் பின்னால் வைத்தேன். செவ்வாய்க்கிழமை கந்தசட்டி தொடங்கியது.

கந்தசட்டி எங்கள் வீட்டில் சும்மா விசயமில்லை. ஆறு நாளும் மாமி பகலில் பச்சைத் தண்ணீர் மட்டும்தான், பின்னேரம் கோயிலால் வந்து பாலும் பழமும். ஏழாம் நாள் விடியப் பாறணை. பிள்ளை வேண்டும் என்று எட்டு வருடமாக நானும் அப்படியே பிடித்து வந்தேன். ஒன்பதாம் வருடம் பிடிக்கேலாது என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வரும். ஆகவே விரதகாரி மாதிரி விடியத் தலைக்குத் தோய்ந்து, விபூதி பூசி, வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போனேன். அங்கே ஆய்வுகூடத்தின் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிப் போத்தல்களில் மிதக்கிற தவளைகளையும் ஓணான்களையும் பார்த்துக்கொண்டு முட்டை றோல் தின்றேன். கந்தசட்டியில் முட்டை. முருகன் கேட்டால் டொக்டரைக் கைகாட்டுவோம் என்று இருந்தேன்.

அந்த நாட்களில் என் தலைக்குள் ஒரே கணக்குத்தான் ஓடியது. செவ்வாய், முளையம் கோதைக் கழற்றியிருக்கும். புதன், சுவரில் முட்டியிருக்கும். வியாழன், வெளிப்பக்கக் கலங்கள் சுவரைக் கிண்டி உள்ளே போகத் தொடங்கியிருக்கும். கரும்பலகைக்கு முன்னால் நின்றாலும் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றாலும் இதுதான். சொல்வதற்கு ஒருத்தர் இருந்திருந்தால் கணக்கு இவ்வளவு ஓடியிராது. சிவரூபனின் கப்பல் அப்போது ஆபிரிக்காவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மீட்டல் வகுப்பு. பிள்ளைகள் கேட்டது வேறு எந்தப் பாடமுமில்லை, இதுதான். நானும் விடவில்லை. மீனும் தவளையும் கோழியும் முட்டைக்குள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வருகின்றன, எங்களுடைய முளையத்துக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது, கையிருப்பு ஒரு கிழமைக்குக்கூடப் போதாது, அதற்குள் தாயில் ஒட்டினால்தான் சாப்பாடு, ஒட்டாவிட்டால் பட்டினிதான் என்று சொன்னேன். ஆரணி என்று ஒரு கெட்டிக்காரி எழும்பினாள்.

"டீச்சர், ஒட்டினது தாய்க்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. ஒரு கிழமைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. சிலபேருக்கு ஒட்டேக்கை ரெண்டு துளி இரத்தம் படும். அதை மாதவிடாய் எண்டு நினைச்சிடுவினம்."

நினைத்துவிடுகிறவர்களைப் பற்றி நாங்கள் எல்லோரும் சேர்ந்து கொஞ்சம் சிரித்தோம்.

சனிக்கிழமை, விரதத்தின் ஐந்தாம் நாள். பின்னேரம் கோயிலுக்கு வெளிக்கிட்டுச் சேலை உடுத்திக்கொண்டு நான் முன்னுக்கு நடக்க, மாமி பின்னால் வந்தார்.

"நில்லு பிள்ளை" என்றார்.

குரல் ஒரு மாதிரி இருந்தது. திரும்பினேன். மாமி என் சேலையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு ரூபாய்க் குற்றி அளவுகூட இராது. சிவப்பும் இல்லை, மண்ணிறம்.

"சுகமில்லாமல் வந்திட்டுதோ?"

"ஓம் மாமி" என்றேன்.

ஓம் என்ற அந்தச் சொல் எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை கரும்பலகையில் அடிக்கோடு போட்டுச் சொல்லிக்கொடுத்த வாய் அது. ஆனால் முதல் இரண்டும் இப்படித்தான் போயின. இரத்தத்தைக் கண்டதும் படிப்பு, பதினாறு வருடம் எல்லாம் எங்கேயோ ஓடிவிட்டன. கடைசியும் போய்விட்டது என்று மட்டும்தான் தோன்றியது.

மாமி நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்தார். "அஞ்சு நாள் முடிச்சுப்போட்டாய் பிள்ளை. இன்னும் ஒரு நாள்தானே இருந்தது" என்றார். என் விரதம் முறிந்ததுக்காக அழுகிறார். நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

மற்ற மாதங்களில் மாமி இதையெல்லாம் பெரிதாகப் பார்க்கமாட்டார். நான் குசினிக்குள் போவேன், சமைப்பேன், அவர் காணாத மாதிரி இருப்பார். கந்தசட்டி அப்படியில்லை. குசினிக்குப் பக்கத்தில் சாமியறை, அங்கே ஆறு நாளும் அணையாமல் விளக்கு எரியும், குசினியில் படையல் வேலை நடக்கும். துடக்கோடு அந்தப் பக்கம் போகக்கூடாது. ஆகவே எனக்கென்று வேறொரு அறையைக் கூட்டி, பாயும் தலையணையும் போட்டு, தனிக்கோப்பையும் தட்டும் வைத்தார். வாசலுக்கு வெளியே நின்று, "விரதம் முறிஞ்சதுதானே, இனிச் சாப்பிடு" என்று பாணும் சம்பலும் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார்.

பின்னேரக் குளிசை வைக்கிற நேரம் அது. குளிசை குசினியில், பிரிட்ஜின் அடித்தட்டில், மாஜரின் டின்னுக்குள். வீட்டில் ஒருத்தரும் இல்லை. பத்து அடி நடந்தால் போதும். நான் நடக்கவில்லை. துடக்கென்ற பயமில்லை, அதையெல்லாம் நான் நம்புவதில்லை, முட்டை றோல் தின்றவள். போனது போய்விட்டது, இனி அந்தக் கண்றாவியை ஏன் எடுக்கவேணும் என்றுதான் பாயில் படுத்திருந்தேன். மாமி விட்ட இடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தேன்.

ஞாயிறு காலை மாமி குசினிக்குள் நின்றார். தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. ஒருமுறை யோசனை வந்தது. மாமி, பிரிட்ஜுக்குள் ஒரு டின் இருக்கு, எடுத்துத் தாங்கோ என்று ஒரு வசனம். அதற்குப் பிறகு என்ன டின், என்ன மருந்து, எப்ப கொழும்புக்குப் போனாய், ஏன் எனக்குச் சொல்லேல்லை, இதுவும் போச்சுதோ? அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தைரியம் வரவில்லை. யன்னலால் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் மாமி தனியே சூரன் போர் பார்க்கப் போனார். ஒலிபெருக்கியில் மேளச் சத்தம் வீட்டுக்கே கேட்டது. ஊர் முழுக்கக் கோயில் வீதியில் நிற்க, நான் அறைக்குள் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

திங்கட்கிழமை விடிய மாமி பாறணைக்குக் கோயிலுக்குப் போன பிறகு குளியலறைக்குப் போனேன். அங்கேதான் எனக்கு உறைத்தது. சனி பின்னேரம் ஒரு கறை, ஞாயிறு காலை இன்னொன்று. அதோடு சரி. வேறொன்றும் இல்லை. என் மாதவிடாய் இப்படி ஒருநாளும் வந்ததில்லை. முதல் நாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று விரல் விட்டு எண்ணினேன். வைத்து ஆறாம் நாள் பட்ட இரத்தம். ஒட்டுகிற நாள். ஒட்டுகிற இரத்தம்.

ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னேன். குசினிக்குள் ஓடி, தோடம்பழங்களைத் தட்டிவிட்டு டின்னை எடுத்தேன். சாமியறை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அன்றைய காலைக் குளிசையை வைத்துவிட்டு, நிலத்தில் இருந்துகொண்டு தவறினவற்றை எண்ணினேன். சனி பின்னேரம், ஞாயிறு காலை, ஞாயிறு பின்னேரம். மூன்று வேளை.

புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட்டு யாழ்ப்பாணத்துக்குப் போய், பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தேன். இரண்டு மணித்தியாலத்தில் கடிதாசி வந்தது. முளையம் ஒட்டினால் அது சுரக்கிற ஓமோன் தாயின் இரத்தத்தில் தெரியும். ஒட்டாவிட்டால் பூச்சியம். என்னுடையதில் முப்பத்தொன்று.

வித்தியாவுக்கு எடுத்தேன்.

"ஒட்டியிருக்கு அக்கா. ஆனால் கொஞ்சம் குறைவு. இந்த நாளுக்கு இன்னும் கூட இருக்கவேணும். வெள்ளிக்கிழமை திரும்பச் செய்யுங்கோ, இரட்டிச்சால் பயமில்லை. மருந்தெல்லாம் ஒரு வேளையும் விடாமல் வைச்சனீங்கள்தானே?"

"ஓம்" என்றேன்.

இரண்டாவது பொய் ஓம்.

ஆனால் அந்த இரண்டு நாளை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. பஸ்ஸில் யன்னல் சீற் பிடித்து இருந்தேன். மருதனார்மடம் சந்தையில் முருங்கையிலையும் விளாம்பழமும் வாங்கினேன். சந்தையில் மரக்கறிக்காரி, "என்ன டீச்சர், இண்டைக்கு முகம் நல்லாயிருக்கு" என்றாள். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய் உன்னியது. அவளுக்கா சொல்வது? வீட்டில் மாமிக்குச் சொல்லாமல் மரக்கறிக்காரிக்குச் சொன்னால் நல்லாயிருக்குமா? "இண்டைக்கு வெயில் குறைவு, அதுதான்" என்று சமாளித்தேன். சிவரூபனுக்கு 'ஒட்டிக்கொண்டுது. முப்பத்தொன்று' என்று அனுப்பினேன். செய்தி போகாமல் கிடந்தது. வியாழக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்க, மேசைக்குக் கீழே வயிற்றில் கையை வைத்து, பிடிச்சுக்கொள்ளு என்று சொன்னேன். குண்டூசித் தலை அளவும் இல்லாத ஒன்றுக்குப் பதினோராம் நாள் காதும் கிடையாது, தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஏழு.

"இறங்கியிட்டுது அக்கா" என்றாள் வித்தியா. "ஒட்டிப்போட்டு விட்டிட்டுது. சிலது அப்பிடித்தான், முளையம் பலமில்லாட்டியும் நடக்கும். உங்கடை பிழையெண்டு யோசிக்காதேங்கோ. மருந்தை இனி நிப்பாட்டலாம்."

முளையம் பலமில்லாமலும் இருந்திருக்கலாம். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். அந்த மூன்று வேளையையும் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எந்த ஆய்வுகூடத்தாலும் சொல்லமுடியாது. ஆனால் அது பிடித்துக்கொள்ள வந்த இரண்டு நாளும் நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தேன். அதை ஒருத்தரும் இல்லையென்று சொல்லமுடியாது.

வீட்டுக்கு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தேன். சேலைகூட மாற்றவில்லை. மாமி தேத்தண்ணியோடு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். வேறு ஏதோ நினைத்திருப்பார் போல.

"விரதம் முறிஞ்சதை நினைச்சுக்கொண்டிருக்கிறாய் போலை. விடு பிள்ளை. வாற வருசம் வடிவாப் பிடிப்பம். அவன் தருவான்."

அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, எல்லாம் வந்துவிட்டது. வாற வருடம் இல்லை, இனி ஒரு வருடமும் இல்லை, மூன்றும் முடிந்தது என்று கத்தினேன். கொழும்புக்குப் போனதைச் சொன்னேன். ஆய்வுகூடத்தில் முட்டை தின்றதைச் சொன்னேன். கறையைச் சொன்னேன், முப்பத்தொன்றைச் சொன்னேன், ஏழைச் சொன்னேன். "அது ஒட்டினது மாமி. என்னிலை ஒட்டினது. நான்தான் மருந்தை வைக்கேல்லை" என்று சொல்லும்போது குரல் உடைந்து கேவிக் கேவி அழுதேன்.

மாமி முட்டையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. என் அழுகை கொஞ்சம் அடங்கும்வரை பக்கத்தில் நின்றார்.

"எங்கை இருந்தது மருந்து?"

"பிரிட்ஜுக்குள்ளை."

"ஞாயிற்றுக்கிழமை காலமை நான் குசினிக்குள்ளைதானே நிண்டனான்."

"ஓம்."

"நீ கூப்பிட்டால் கேக்கிற தூரம்."

"ஓம் மாமி."

"மருந்துக்கு என்ன பிள்ளை துடக்கு?" என்றார் மாமி. ஏச்சு இல்லை அது. உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். "ஒரு சத்தம் குடுத்திருந்தால் எடுத்துத் தந்திருப்பனே."

மாமி தேத்தண்ணிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். பிரிட்ஜ் திறக்கிற சத்தமும் எதையோ விலக்குகிற சத்தமும் கேட்டன. மாஜரின் டின்னோடு திரும்பி வந்து, மூடியைத் திறந்து, மிச்சம் கிடந்த குளிசைகளைப் பார்த்தார். பிறகு டின்னை என் மடியில் வைத்தார்.

"இப்ப வைச்சால் சரிவராதோ பிள்ளை?"

"சரிவராது மாமி" என்றேன்.